சுடுதண்ணீரில் போட்ட வெள்ளைக் கோட்டு

தீக்குச்சி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று சலவைக்கடையில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் ஒல்லி. உரசினால் பற்றிக்கொள்வாள். போதாததற்கு அவள் மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். லேபிள் கிழிந்துபோன துணி வந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்து மோந்து பார்ப்பாள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தால் கம்பளி. உருகி மணியாக இறுகினால் பாலியெஸ்டர்.

"அவகிட்ட பொய் சொல்லாத. உன் தலைமயிரப் பிடுங்கிக் கொளுத்திப் பார்த்துடுவா" என்று வாடிக்கையாளர்களை எச்சரிப்பார் ஆவி.

ஆவி அந்தக் கடையில் நீராவி இஸ்திரி போடுகிறவர். முப்பது வருடம் நீராவிக்குள் நின்று நின்று வெளுத்துப்போன ஆள். "எல்லாரும் செத்ததுக்கு அப்புறம் ஆவி ஆவாங்க. நீங்க முன்கூட்டியே ஆயிட்டீங்க" என்று தீக்குச்சி திருப்பிக் கொடுப்பாள். இவர்கள் இருவரையும் விட்டால் கடையில் முதலாளி. சண்டை என்று வந்தால் அவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

சண்டை வராத வாரம் கிடையாது. போன மாதம் ஒருவர் தன் கம்பளி ஸ்வெட்டரை வீட்டில் கொதிக்கக் கொதிக்கத் துவைத்துவிட்டு, பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கியதைக் கொண்டுவந்து, கடைதான் கெடுத்தது என்று கத்தினார். தீக்குச்சி கழுத்துப்பட்டையைத் திருப்பி லேபிளைக் காட்டினாள்.

"இது என்ன படம்?"

"தொட்டி."

"தொட்டிக்குள்ள?"

"கை."

"கை போட்டிருந்தா கையால அலசணும்னு அர்த்தம். டாட்டா காட்டுறான்னு நெனச்சீங்களா?"

அவர் கம்பி ஹேங்கரை எடுத்து அவள் முகத்தில் விசிறினார். அவளுக்குப் புருவத்தில் மூன்று தையல். அவருக்குக் கீழுதட்டில் நான்கு. முதலாளி கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது ஸ்வெட்டர் மட்டும்தான் சேதமில்லாமல் கிடந்தது.

அடி அவளுக்குப் புதிதல்ல. அப்பா மரக்கிடங்கில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுகிறவர். சனிக்கிழமைதோறும் அவருடைய பூட்ஸையும் பெல்ட்டையும் எண்ணெய் போட்டுத் துடைப்பது மூத்தவளின் வேலை. தோலைப் பராமரிக்க அவள் கற்றது அப்படித்தான். காய்ந்த தோல் வெடிக்கும். வெடித்த பெல்ட் பட்டால் சதை கிழியும். எண்ணெய் குடித்த தோல் தடிக்கச் செய்யுமே தவிரக் கிழிக்காது. இது தெரிந்த நாளிலிருந்து அவள் பெல்ட்டுக்கு இரண்டு மடங்கு எண்ணெய் போட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஐந்து. அப்பா போய்ச்சேர்ந்த நாளில் பூட்ஸ் பளபளவென்று இருந்தது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. அங்கே மேற்பார்வையாளர் ஒருவர், பெண்கள் விரிப்பு மடிக்கும்போது பின்னால் வந்து ஒட்டி நிற்பார். மூன்றாம் தடவை அவள் திரும்பி, அவர் கழுத்து டையைப் பிடித்து இழுத்து மேசையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தாள். பாலியெஸ்டர் டை. லேபிளில் ஒரே ஒரு புள்ளி, அதாவது இளஞ்சூடு. அவள் வைத்தது பருத்திக்கான சூடு. டை உருகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. மனிதர் அதன் மறுமுனையில் கழுத்து மாட்டிக் கால்மணி நேரம் குனிந்தபடி நின்றார். அவளுக்கு வேலை போயிற்று. அங்கிருந்துதான் இந்தக் கடைக்கு வந்தாள்.

கல்யாணம் அவள் செய்துகொள்ளவில்லை. தங்கைக்குச் செய்துவைத்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தையில் சொந்தமாகக் கறிக்கடை. வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு, குடி இல்லை. பெண் கேட்டு வந்த அன்று அவன் ஷூவைத்தான் தீக்குச்சி பார்த்தாள். குதிகால் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, வார் நேராகக் கட்டியிருந்தது. ஒழுங்கான மனிதன் என்று முடிவு கட்டினாள்.

கறிக்கடைக்காரன் வீட்டில் தினமும் ரத்தக்கறை இருக்கும் என்பதால் தங்கைக்கு அவள் கொடுத்த சீர் வரிசையில் முதன்மையானது ஒரு பாடம். "ரத்தம்னா பச்சத்தண்ணி. எவ்வளவு குளிருதோ அவ்வளவு நல்லது. கொஞ்சம் உப்பு. சுடுதண்ணி பட்டுச்சுன்னா முட்டை வேகிற மாதிரி ரத்தம் நூலுக்குள்ளயே வெந்துடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது." தங்கை கெட்டிக்காரி. ஆறு வருடம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் கடைக் கோட்டுகளைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து அலசி, மூட்டை கட்டி, வெளுக்கவும் இஸ்திரி போடவும் அக்காவிடம் கொண்டுவந்தாள். ஒரு பொட்டுக் கறை இருக்காது. "பாருங்க, என் தங்கச்சி கை" என்று ஆவியிடம் விரித்துக் காட்டுவாள் தீக்குச்சி. தங்கை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை தங்கை வரவில்லை. மாப்பிள்ளை வந்தான்.

காலை பதினொரு மணி. இடது கையில் பிளாஸ்டிக் பை, வலது கையில் ஒரு ஜோடி ஷூ.

"வாங்க மாப்பிள்ள. அவ எங்க?"

"காய்ச்சல், அண்ணி. படுத்திருக்கா." பையைக் கவுண்டரில் கொட்டினான். வெள்ளைக் கோட்டு ஒன்று, நீளமானது, முழங்கால் வரை வருவது. "நாளைக்கு சுகாதார ஆளுங்க சந்தையைப் பார்க்க வராங்க. இந்தக் கறை போகணும். இன்னைக்கே வேணும்."

கோட்டின் தோளிலும் கீழ்ப்பகுதியிலும் பழுப்புநிறத் திட்டுகள். தீக்குச்சி விரலால் தடவினாள். விறைப்பாக இருந்தது. கறை துணியின் மேல் இல்லை, துணிக்குள் இருந்தது.

"சுடுதண்ணில போட்டீங்களா?"

"ஆமா. லேபிள்ல அப்படித்தான போட்டிருக்கு." அவன் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் காட்டினான். தொட்டி, தொட்டிக்குள் மூன்று புள்ளி. "மூணு புள்ளின்னா நல்ல சூடு. அதுகூடத் தெரியாதா எனக்கு?"

அவன் சொன்னது சரிதான். அந்தத் துணி அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் லேபிள் துணியைப் பற்றித்தான் சொல்லும். துணிமேல் என்ன கொட்டியது என்று அதற்குத் தெரியாது. தங்கைக்கு இது தெரியும். காய்ச்சலில் கிடந்தாலும் கட்டிலில் இருந்தபடியே கத்தியிருப்பாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் ரத்தம் சுடுதண்ணீரைப் பார்த்ததே இல்லை.

"ஷூ கருவாடு மாதிரி இருக்கே, என்னாச்சு இதுக்கு?" என்றாள், குரலை மாற்றாமல். பழுப்புத் தோல் ஷூ. தண்ணீரில் முக்கி, அடுப்பின் மேல் காயவைத்திருக்கிறான். தோல் மரப்பட்டைபோல் விறைத்து, நுனி மேலே வளைந்து, மடிப்பில் வெடித்திருந்தது.

"நனைஞ்சுடுச்சு. காய வெச்சேன்."

"உள்ள காகிதம் திணிச்சு நிழல்ல வெக்கணும்னு அவ சொல்லலையா?"

"அதான் காய்ச்சல்னு சொல்றேன்ல" என்றான். முதல் தடவையாக அவன் பார்வை நேராக வந்தது. அவன் காலில் இருந்ததும் அதேபோல் அடுப்பில் காய்ந்த இன்னொரு ஜோடி என்பதை அவள் அப்போது கவனித்தாள். அந்த வீட்டில் எதையோ நிறையக் கழுவியிருக்கிறார்கள்.

அவள் கோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பதுபோல் முழுவதும் விரித்தாள். தோளில் இருந்தது பிரச்சினையில்லை. ஆட்டைத் தோளில் தூக்குகிறவனுக்கு அங்கே ரத்தம் இருக்கும். கீழ் விளிம்புதான். முழங்காலுக்கு அருகில், ஓரத் தையலை ஒட்டி, நான்கு கோடுகள். ஒன்றன்பக்கத்தில் ஒன்று, மேலே தடித்து, கீழே இழுபட்டு. துணியின் மறுபக்கத்தில் ஒரு பொட்டு, கட்டைவிரல் அளவு.

கறிக்கடையில் தொங்குகிற எதற்கும் விரல் கிடையாது.

தரையில் கிடந்த யாரோ அந்த விளிம்பைப் பிடித்திருக்கிறார்கள். தீக்குச்சி மடிப்பதுபோலத் தன் கையை அந்தக் கோடுகள்மேல் வைத்தாள். அவள் விரல் பெரிது. கோடுகள் சின்னவை. தங்கையின் ஐந்து வயதிலிருந்து அவள் பிடித்துத் தெருவைக் கடந்த கையின் அளவு அது.

துணியைப் பார்த்தே ஆளின் சம்பளத்தையும் சண்டையையும் சொல்லிவிடுகிறவள், ஆறு வருடமாக எதிரே உட்கார்ந்திருந்தவளின் முழுக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பச்சைத்தண்ணீர்ப் பாடம் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆட்டு ரத்தத்தோடு சேர்த்து எதையெதையெல்லாம் அலசினாளோ.

"இது போயிடும் மாப்பிள்ள" என்றாள். "ஒரு மருந்து வாங்கிட்டு வரணும். ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க, கையோட வாங்கிட்டே போயிடலாம்."

டோக்கன் சீட்டு ஒன்றை எடுத்து அதில் ஒரு கட்டம் போட்டு, கட்டத்தின் நடுவே படுக்கைக்கோடு ஒன்றை இழுத்தாள். லேபிள் பாஷையில் அதற்கு, தொங்கவிடாதே, கிடத்திக் காயவை என்று அர்த்தம். கடை பாஷையில் அதற்கு வேறு அர்த்தம்: இந்த ஆளை நகரவிடாதே. நச்சரிக்கிற வாடிக்கையாளர்களுக்காக அவளும் ஆவியும் செய்துவைத்த வேடிக்கை. ஆவி சீட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கறி வெல ஏறுதாமே, உண்மையா?" என்று ஆரம்பித்தார்.

பின்பக்கம் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று கிடந்தது. ஒயர் அறுந்து மூலையில் போட்டது. அடி முழுக்க வார்ப்பிரும்பு, தூக்கினால் தோள் இறங்கும். அதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

தங்கையின் வீடு இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடி. வெளியே பூட்டு தொங்கியது. காய்ச்சலில் படுத்திருப்பவளை யாராவது வெளியே பூட்டுவார்களா? தீக்குச்சி கதவில் வாயை வைத்தாள்.

"அடியே."

உள்ளே ஏதோ நகர்ந்தது. பிறகு, வாய் திறக்காமல் பேசுகிற குரல்: "வந்துட்டியா."

கொண்டியின் திருகாணிகள் இரும்புப் பெட்டியின் மூன்றாவது அடியில் பிடுங்கிக்கொண்டன. கதவு உள்ளே போய்ச் சுவரில் மோதியது. எதிர்வீட்டுக் கதவு அரை விரற்கடை திறந்து, சங்கிலி தெரிந்து, மூடிக்கொண்டது.

தங்கை சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடை ஒருபக்கம் வீங்கி, கண் ஒன்று மூடிக் கிடந்தது. வலது மணிக்கட்டு இருக்கவேண்டிய திசையில் இல்லை. அதைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், யாருடைய பொருளையோ பத்திரம் பார்ப்பதுபோல. தரை சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தது. ஓடுகளுக்கு இடையில் மட்டும் பழுப்பு.

"எப்ப?"

"சனிக்கிழமை. போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சுட்டாரு." மூச்சு வாங்கினாள். "நேத்து கோட்டைத் தொவைக்கப் போனாரு. எந்தத் தண்ணில போடணும்னு அங்கேருந்து கேட்டாரு."

"நீ சொல்லலையா?"

"லேபிளப் பாருங்கன்னு சொன்னேன்."

தீக்குச்சிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கை போய், போன் போய், கதவு பூட்டிக் கிடந்தவளுக்கு மிச்சமிருந்தது அந்த மூன்று புள்ளிதான். அதைத்தான் அனுப்பியிருக்கிறாள்.

"கடையில வேற யாராவது கோட்டை வாங்கியிருந்தா?"

"நீ இருக்கும்போது யாரு வாங்குவா? எழுந்திரிக்கணும், பிடி."

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். தங்கையின் வலது கணுக்காலும் சரியில்லை. இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு. தீக்குச்சி முன்னால் நின்று அவளைத் தோளில் வாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் தங்கையின் முகம் மாறியது. திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெடித்த தோல் ஷூ படிக்கட்டில் கட்டை மாதிரி சத்தம் போடும்.

கடையில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். கோட்டு நனையாமல் மேசைமேலேயே கிடந்தது. அவள் எங்கே என்று ஆவியிடம் கேட்டான். மருந்து வாங்க என்றார். ஆவியின் கையைப் பிடித்து இஸ்திரி மேசையில் வைத்து, நீராவிப் பலகையை இறக்கினான். முதல் தடவை ஆவி மருந்துக்கடை என்றார். இரண்டாம் தடவையும் மருந்துக்கடை என்றார். மூன்றாம் தடவை உண்மையைச் சொன்னார். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். முதலாளி கழிப்பறைக்குள் இருந்தபடி, அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீசுக்குப் போன் செய்தார்.

"மேல ஏறு" என்றான் மாப்பிள்ளை. தங்கையிடம்தான் சொன்னான். கத்தவில்லை. அவன் கத்துகிற ஆள் இல்லை.

"அவ வரமாட்டா" என்றாள் தீக்குச்சி.

"அண்ணி, இது புருஷன் பொண்டாட்டி விஷயம். நகருங்க."

"நகரலைன்னா?"

அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை. அளந்து, ஒழுங்காக, சதையில் எலும்பு எங்கே இருக்கும் என்று தெரிந்தவன் அடிக்கிற அடி. அவள் கையிலிருந்த பை எகிறி, இரும்புப் பெட்டி வெளியே விழுந்து தங்கை நின்ற படியில் கிடந்தது. இரண்டாவது மோதலில் அவளுக்குக் காதுக்குள் விசில் அடித்தது. நகத்தால் அவன் கண்ணைத் தேடினாள், கன்னம்தான் கிடைத்தது, கிடைத்ததைக் கிழித்தாள். அவன் அவளைத் தரையில் தள்ளினான். எழுந்திரிக்க ஊன்றிய கைமேல் ஷூவை வைத்து அழுத்தித் திருகினான். வெடித்த தோலின் ஓரம் விரலுக்குள் இறங்கியது. இரண்டு விரல்கள் உடைகிற சத்தத்தை அவள் தன் வாய்க்குள் கேட்டாள்.

அவனுடைய கணுக்காலை அவள் கடித்தாள். காலுறையோடு சேர்த்து, வாய் நிறைய. விடவில்லை. அவன் குனிந்து அவள் தொண்டையைப் பிடித்தான். அப்போதும் விடவில்லை. கண்ணுக்கு முன்னால் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. விட்டால் இவன் மேலே போவான் என்பது மட்டும் தெரிந்தது.

அவன் ஒருமுறை "ஏய்" என்றான், மேலே பார்த்து.

தங்கை நான்கு படி மேலே, கைப்பிடிக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றிருந்தாள். இடது கையில் இரும்புப் பெட்டி. அதை அவள் எறியவில்லை. எறிகிற தெம்பு அவளுக்கு இல்லை. கம்பிக்கு வெளியே, அவன் தலைக்கு நேர் மேலே நீட்டி, கையை விட்டாள்.

அது அவன் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போய்த் காறை எலும்பில் இறங்கியது. கட்டை முறிகிற சத்தம். பதினொரு படி அவன் கீழே போனான், தலை முன்னால், பெட்டி பின்னால். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கிடந்து, வாயிலிருந்து குமிழியாக ஊதினான். உயிர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன.

மருத்துவமனையில் தங்கைக்கு மணிக்கட்டில் கட்டு, தாடைக்குக் கம்பி. விலா எலும்புகளைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதுல பழைய முறிவு மூணு இருக்கே, யாரும் பார்க்கலையா?" என்றார். யாரும் பார்க்கவில்லை. தீக்குச்சியின் இரண்டு விரல்களுக்கும் பட்டை வைத்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கிற வரை அவள் தங்கையின் கட்டிலை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் ஒரு பெண் காவலர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் தீக்குச்சியைப் பார்த்தார்.

"பெட்டிய யாரு போட்டது?"

"நான்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. பூட்டின வீட்டோட கொண்டிய உடைச்சிருக்கீங்க. அவருக்குத் தாடையும் காறை எலும்பும் போயிருக்கு. பேச முடிஞ்சதும் உங்க மேலதான் கேஸ் குடுப்பார். பொண்டாட்டியக் கடத்திட்டுப் போக வந்தாங்கன்னு இப்பவே எழுதிக் காட்டியிருக்கார்."

"நான்தான் போட்டேன். எழுதிக்கங்க."

காவலர் கட்டிலின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதெல்லாம் எப்படி ஆச்சு? படியில விழுந்துட்டீங்களா?" கேட்ட விதத்திலேயே தெரிந்தது, இந்தப் பதிலைப் பலமுறை எழுதியவர். பேனாவைக்கூடத் தாளில் சாய்த்து வைத்திருந்தார், ஆமாம் என்று எழுதுவதற்குத் தோதாக.

தங்கை அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆமாம் என்றால் அவனுக்கு வீடு திரும்ப வழி உண்டு. அக்காவுக்குச் சிறைதான் வழி. பேசினால் அழுதுவிடுவோம் என்று தீக்குச்சி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் தங்கை, கம்பி கட்டிய வாயால். "நீ கொஞ்சம் வெளிய இரு."

"நான் எங்கயும் போகல."

"போக்கா. நீ இங்க இருந்தா நான் கொறச்சுச் சொல்லுவேன்."

தீக்குச்சி எழுந்தாள். வாசல்வரை போனபோது பின்னால் தங்கையின் குரல் வந்தது. மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாக. "மொதல்ல ஒண்ணு எழுதிக்கங்க. இரும்புப் பெட்டியப் போட்டது அக்கா இல்ல, நான். இப்ப ஆரம்பத்துலேருந்து வரேன். கல்யாணம் ஆகி ஒன்பதாவது நாள்."

காவலர் எழுந்துவந்து கதவைச் சாத்தினார்.

நடையில் போட்டிருந்த பெஞ்சில் ஆவி உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை வெள்ளைத் துணிச்சுற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உடம்பு முழுக்க வலி தெரிந்தது.

"மூணாவது தடவை சொல்லிட்டேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"ரெண்டு தடவை சொல்லல இல்ல. அந்த நேரம்தான் கதவை உடைச்சேன்."

கதவுக்குப் பின்னால் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை நின்றது. இருவரும் நிமிர்ந்தார்கள். தாள் புரளுகிற சத்தம் கேட்டது. குரல் மறுபடி தொடங்கியது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் ஆவி.

"ஆறு வருஷம் இருக்குல்ல" என்றாள் தீக்குச்சி.